மின்சார வண்டிக்கு மானியம் சரி, பஸ் எங்கே?

கேள்வி இதுதான்: “மின்சார வண்டிகளுக்கு அரசு மானியமும் வரிச்சலுகையும் தருகிறது, மெட்ரோ கட்டுகிறது. ஆனாலும் சென்னையில் பெட்ரோல் வண்டிகள் கூடிக்கொண்டேதான் போகின்றன. போக்குவரத்திலிருந்து வரும் கார்பனை அரசின் கொள்கையும் திட்டமிடலும் உண்மையில் குறைக்க முடியுமா? நான் என் பெட்ரோல் ஸ்கூட்டரை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் ஏதாவது பயன் உண்டா?”

குறைக்க முடியும். ஆனால் அதைச் செய்யக்கூடிய முடிவுகளில் பெரும்பாலானவை ‘பருவநிலை’ என்று தலைப்பிட்ட கோப்பில் இருப்பதில்லை. பஸ் கட்டணம், நடைபாதை, குடியிருப்புக்கு எங்கே நிலம் எடுப்பது, பஸ் நிலையத்தை எங்கே வைப்பது என்று வேறு வேறு கோப்புகளில் கிடக்கின்றன. போக்குவரத்துக் கணக்கெடுப்பு, பஸ் தடத் திட்டம் என்று பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடலாம், அப்புறம் பேசுவது எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இரண்டே கால் கிலோ வாயு எப்படி வரும் என்று கேட்பார்கள். பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது, கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. டீசலுக்கு இது 2.7 கிலோ. இனி வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்குச் சுமார் 50 கிராம் விடுகிறது. 15 கிலோமீட்டர் மைலேஜ் தரும் காரில் ஒருவர் தனியாகப் போனால் 150 கிராம். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் டீசல் பஸ் 675 கிராம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த பஸ்ஸில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு 15 கிராம்தான்.

மின்சார வண்டிக்கு வருவோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, காரணம் நிலக்கரி. மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 21, 22 கிராம். மின்கம்பியிலும் சார்ஜரிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் 25 கிராமைத் தாண்டும். பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதி. மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 110 கிராம். அதாவது ஒருவர் தனியாக ஓட்டும் புத்தம்புதிய மின்சாரக் கார், நெரிசலான பழைய டீசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவரைவிட ஏழு மடங்கு கார்பனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கார்க்காரருக்குச் சாலை வரியில் சலுகை உண்டு. தொங்கிக்கொண்டு வந்தவருக்குக் கண்டக்டரின் திட்டுதான்.

இதே கணக்கு மின்சார பஸ்ஸையும் விடாது. கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுத்தாலே 700 கிராம். டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவை அந்தப் பக்கம் சேர்த்தால் மின்சாரம் கொஞ்சம் முன்னே நிற்கும், அவ்வளவுதான். 2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் புறப்பட்டதை நான் வரவேற்றவன். புகை இல்லை, சத்தம் இல்லை, படி ஏற முடியாதவர்கள் ஏறலாம். இன்றைய கார்பன் கணக்கில் மட்டும் அதனால் பெரிய மாறுதல் இருக்காது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அந்த பஸ்ஸின் கணக்கு தானாகவே இறங்கும். டீசல் பஸ்ஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த வகையில் அது நாளைக்கான முதலீடு. இன்றைக்கான குறைப்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்: எந்த எஞ்ஜின் என்பதிலிருந்து இல்லை, எத்தனை பேர் எதில் ஏறுகிறார்கள் என்பதிலிருந்து.

சென்னையின் கதை அங்கேதான் இருக்கிறது. 1970 வாக்கில் எடுத்த கணக்குப்படி நகரத்தின் பயணங்களில் 100க்கு 40க்கு மேல் பஸ்ஸில் நடந்தன, 20 சைக்கிளில். 2008இல் எடுத்த விரிவான ஆய்வில் பஸ் 26க்கு இறங்கியிருந்தது, சைக்கிள் 6. இருசக்கர மோட்டார் வண்டிகள் 25க்கு ஏறிவிட்டன. பஸ்ஸையும் சைக்கிளையும் விட்டுவிடச் சொல்லி யாரும் அரசாணை போடவில்லை. ஆனாலும் அந்த முப்பத்தெட்டு ஆண்டு முடிவுகளின் கூட்டுத்தொகை அதுதான்.

அந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டேயிருந்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தில் (பெயர் வேண்டாம்) புறநகர் நிறுத்தம் ஒன்றில் காலை ஆறரை மணியிலிருந்து எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தோம். கையில் அட்டை, பென்சில். கால அட்டவணைப்படி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். அன்று நாங்கள் குறித்தது வேறு: 7.10க்கு ஒன்று, 7.12க்கு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அப்புறம் 7.50 வரைக்கும் ஒன்றுமில்லை. டிபன் பையோடு நின்ற ஒரு பையன், ஏதோ பட்டறையில் வேலை, நான் அட்டையில் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். “அண்ணே, லேட்டா வந்தாக்கூடப் பரவாயில்ல. எப்ப வரும்னு தெரிஞ்சாப் போதும். தெரியாம நிக்கிறதுதான் முடியல. அடுத்த மாசத்துலேருந்து பைக்குக்கு டியூ கட்டப்போறேன்.”

என் அட்டையில் ‘பைக் வாங்கப்போகிறவர்’ என்று ஒரு கட்டம் இல்லை. ஆனால் அந்த நகரத்தின் அடுத்த பத்தாண்டு கார்பன் கணக்கில் அவன் அன்றைக்கே ஏறிவிட்டான். பைக் வாங்கியவர் பஸ்ஸுக்குத் திரும்புவது அபூர்வம். டியூ கட்டிக்கொண்டிருக்கும் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு யார் டிக்கெட் எடுப்பார்?

இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருவதற்கு டிரைவரைத் திட்டிப் பயனில்லை. முன்னால் போகும் பஸ் எங்காவது ஐந்து நிமிடம் மாட்டினால், அடுத்த நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஆளே மிச்சமிருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். மருந்து, பஸ்ஸை நெரிசலிலிருந்து பிரிப்பது. அதாவது தனித் தடம். இதில் பணமும் மிச்சம். போய்த் திரும்ப 90 நிமிடம் ஆகும் தடத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று விட 6 பஸ் போதும். நெரிசலில் அதே சுற்று 120 நிமிடமானால் 8 வேண்டும். கூடுதல் இரண்டு பஸ், அவற்றுக்கான டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாம் சாலையில் நிற்பதற்காகவே செலவாகின்றன. ஒரு கோடு வரைந்து அதைக் காவல் காத்தாலே அந்த இரண்டு பஸ்ஸும் இனாமாகத் திரும்பக் கிடைக்கும்.

அந்தக் கோட்டை வரைவதுதான் கஷ்டம். அகமதாபாத் 2009இல் தனித் தடத்தில் பஸ் விட்டது. டெல்லி அதற்கு முன்பே விட்டது, கார் வைத்திருப்பவர்கள் போட்ட சத்தத்தில் 2016இல் இடித்தும் போட்டது. சென்னையிலும் இந்தப் பேச்சு பல தடவை எழுந்து அடங்கியிருக்கிறது. மேம்பாலம் என்றால் மட்டும் எதிர்ப்பே இருப்பதில்லை. பாலம் திறந்தால் கொஞ்ச நாள் நிம்மதி. நிம்மதியாக இருக்கிறதே என்று இன்னும் நாலு பேர் வண்டி எடுப்பார்கள். அப்புறம் அதே சிக்னல், அதே வரிசை.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க பஸ் கட்டணம் ஒரே நாளில் ஏற்றப்பட்டது. மாநகர பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாயாக இருந்தது 5 ஆனது. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனால் மாநகர பஸ்ஸின் கூட்டம் சட்டென்று விழுந்தது. போக்குவரத்துக் கழகங்களின் நட்டத்தைக் குறைக்க எடுத்த முடிவு என்றுதான் அன்றைக்குப் பேசினார்கள். அது ஒரு கார்பன் முடிவும்கூட என்று நான் பார்த்த வரை ஒருவரும் எழுதவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 2021 மே மாதம், ‘ஒயிட் போர்டு’ எனப்படும் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. இதைப் பருவநிலைத் திட்டம் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த பஸ்ஸில் ஏறிய பெண்களில் பலர் அதற்கு முன் நடந்தவர்கள், ஷேர் ஆட்டோவில் போனவர்கள், அல்லது போகாமலே இருந்தவர்கள். காரை விட்டுவிட்டு வந்தவர்கள் இல்லை. நேரடியாகக் குறைந்த கார்பன் கொஞ்சம்தான் இருக்கும். அதன் பெருமை வேறு. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், பயன்படுத்துகிற பெண்களுக்கு மாதம் சராசரியாக எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாவது தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய தொகை. என் கவலை ஒன்றுதான்: ஒயிட் போர்டு பஸ் அதே எண்ணிக்கையில் இருந்துகொண்டு கூட்டம் மட்டும் கூடினால், காசு கொடுத்து ஏறக்கூடியவர் இறங்கிப் போய் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார். சென்னையில் மாநகர பஸ்கள் மூவாயிரத்துச் சொச்சம். நகரம் செங்கல்பட்டு வரை நீண்டுவிட்டது.

“அதற்குத்தான் மெட்ரோ வருகிறதே” என்பீர்கள். வரட்டும், வேண்டும். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடி. ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் விலையில் 350 பஸ் வாங்கலாம். இந்த ஒப்பீட்டில் ஒரு ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன்: பஸ்ஸுக்கு வாங்குகிற விலையைவிட டிரைவர், கண்டக்டர் சம்பளம்தான் காலமெல்லாம் தொடரும் செலவு. மெட்ரோ சுமக்கிற கூட்டத்தை அதே சாலையில் பஸ்ஸால் சுமக்கவும் முடியாது. ஆனால் மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர் என்றால் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு என்ன வழி? நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

நடந்து போகலாம்தான். 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான தனிக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் அகல நடைபாதையோடு திறந்தது. சாயங்காலம் போய்ப் பாருங்கள், பாட்டிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் ஓடும். அங்கிருந்து இரண்டு தெரு உள்ளே திரும்புங்கள். நடைபாதை இருக்கும். அதன் மேல் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதற்குப் பின்னால் ஒரு பைக், அப்புறம் ஒரு கடையின் படி. நடக்கிறவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். கொள்கையில் எழுதியது அந்த இரண்டு தெருவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது.

இனி நிலம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய கார்பன் முடிவு இதுதான். ஒரு குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்று தீர்மானமான அன்றே, அது தினம் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. கூவம் கரையிலும் மற்ற கரைகளிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். வேலை மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் அப்படியே இருந்தது. நடந்து வேலைக்குப் போனவர்கள் ஒரு மணி நேர பஸ் பயணிகளானார்கள். பலர் வேலையையே விட்டார்கள். வசதியுள்ளவர்கள் தாமாகவே புறநகர் மனை தேடிப் போனதும் கணக்கில் இதே கதைதான், என்ன, அவர்கள் காரில் போகிறார்கள்.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க, நகர மையத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி 88 ஏக்கரில் பஸ் நிலையம் கட்டி 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். கட்டடம் அருமை. புறநகர் ரயில் பாதை எட்டிப்பார்க்கிற தூரத்தில் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் மட்டும் இல்லை. விழுப்புரத்திலிருந்து வந்து இறங்குகிறவர் விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு பெட்டி, ஒரு குழந்தையோடு என்ன செய்வார்? டாக்ஸி பிடிப்பார். தெரிந்தவர் கார் எடுத்துக்கொண்டு வருவார். ரயில் நிலையத்தை முதலில் கட்டிவிட்டு பஸ் நிலையத்தை அப்புறம் திறந்திருந்தால், அதே பணத்தில் அதே இடம் வேறு மாதிரி வேலை செய்திருக்கும். திட்டமிடல் என்பதில் பாதி இந்த வரிசைதான்.

வரிசை தவறுவதற்கு ஒரு காரணம், பஸ் ஒரு துறை, புறநகர் ரயில் மத்திய அரசு, மெட்ரோ தனி நிறுவனம், சாலை மாநகராட்சி, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. எல்லாரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க, கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் போட்டார்கள். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் பன்னிரண்டு ஆண்டு! பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025இல் வந்தது. வேளச்சேரியில் நின்றுபோன பறக்கும் ரயிலைப் பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டும் வேலை 2008இல் தொடங்கி, ஆதம்பாக்கம் பக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து ஆண்டுக்கு மேல் தூண்களோடு நின்றது. அந்த ஆண்டுகளில் அந்த வழியில் எத்தனை பைக் விற்றிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வண்டி ஓட்டுவதற்கு விலை வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். 1975இலேயே காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்தார்கள், கார்க் கூட்டம் கணிசமாகக் குறைந்தது. 1990இலிருந்து கார் வாங்கவே ஏலத்தில் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1,50,000 வெள்ளியைத் தொட்டது. அது ஒரு தீவு, ஒரே அரசு, நமக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம்தான் பாடம். 2006இல் நுழைவுக் கட்டணத்தை அரையாண்டு சோதனையாக வைத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், 200க்கு அருகில் புது பஸ்களை இறக்கிவிட்டார்கள். கட்டணம் வந்ததும் எல்லைக்கோட்டைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, 2007இல் நிரந்தரமாக்கினார்கள். முதலில் பஸ், பிறகு கட்டணம். இங்கே கட்டணத்தை முதலில் போட்டுப் பாருங்கள், ஒரே வாரத்தில் திரும்பப் பெற வேண்டியிருக்கும். மக்கள் மேலும் தப்பில்லை.

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சுதந்திரம் வந்த காலத்தில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதியை ரயில் சுமந்தது. இன்று ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி லாரி. அகல ரயில் பாதைகள் கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில் இது வீண். சரக்குக்கென்றே தனிப் பாதை வடக்கிலும் மேற்கிலும் போட்டிருக்கிறார்கள், தெற்கில் இல்லை. இதை மாநில அரசு தனியாகச் செய்ய முடியாது என்பதால் இதோடு விடுகிறேன்.

கடைசியாக உங்கள் ஸ்கூட்டர். மானியத்தைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பதிவாகும் வண்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் இருசக்கர வண்டிகள். அவை மின்சாரத்துக்கு மாறினால் கிலோமீட்டருக்குப் பாதி மிச்சம், அது சின்ன விஷயமில்லை. ஆகவே உங்கள் பழைய வண்டி ஓய்வுக்கு வந்துவிட்டது என்றால் தாராளமாக மின்சார வண்டி வாங்குங்கள். நன்றாக ஓடுகிற வண்டியை விற்றால் அதை வேறொருவர் ஓட்டப்போகிறார், பெட்ரோல் எரியத்தான் செய்யும். வாங்கினால் முடிந்தவரை அலுவலகத்தில் பகல் வேளையில் சார்ஜ் போடுங்கள். நடுப்பகலில் மின்கம்பியில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சொருகினால் பெரும்பாலும் நிலக்கரிதான். ஆடி மாதம் மட்டும் ராத்திரியில் சொருகினாலும் கவலை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அப்போது காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.